கோழி வளர்ப்பில் நன்மை பயக்கும் நுண்ணுயிர்கள்

நம் நாட்டில் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் பெரும் மாறுதலை அடைந்த தொழில்களுள் கோழி வளர்ப்பும் ஒன்று. 1970-71ஆம் ஆண்டில் நாட்டின் முட்டை உற்பத்தி ஏறத்தாழ 617 கோடியாக இருந்தது. ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து முட்டைகளே கிடைத்தன. 2022-23ஆம் ஆண்டில் உற்பத்தி 13,838 கோடியை எட்டியது. ஆள் ஒன்றுக்குக் கிடைக்கும் அளவும் நூறைக் கடந்தது. அவ்வாண்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ பாதியை ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களே அளித்தன. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கோழியினங்களின் எண்ணிக்கை 85 கோடிக்கு மேல். அவற்றுள் 53 கோடிக்கு மேற்பட்டவை வணிகப் பண்ணைகளில் வளர்பவை.

இவ்வளர்ச்சியில் ஐதராபாத் நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. நகரைச் சூழ்ந்துள்ள ரங்காரெட்டி, மேடக், மகபூப்நகர் பகுதிகளில் கோழிப் பண்ணைகளும் குஞ்சு பொரிப்பகங்களும் தீவன ஆலைகளும் பெருகின. நகரின் ராஜேந்திரநகர்ப் பகுதியில் கோழியின ஆராய்ச்சிக்கெனத் தேசிய நிறுவனம் அமைந்துள்ளது. மக்களின் உணவுச் சத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் இந்நகரிலேயே உள்ளது. கோழியின் நலம், அதை உண்போரின் நலம் ஆகிய இரண்டையும் ஒருசேர ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான நகரம் வேறில்லை எனலாம்.

உற்பத்தி பெருகியபோது அதனுடன் ஒரு சிக்கலும் வளர்ந்தது. கோழியின் குடலில் வாழும் தீய நுண்ணுயிர்களை அடக்குவதற்காக எதிர் உயிரி மருந்துகளைத் தீவனத்தில் இடைவிடாது கலக்கும் வழக்கமே அது. அம்மருந்துகளின் ஆற்றல் குன்றிவரும் இந்நாளில், நன்மை பயக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டே தீய நுண்ணுயிர்களை விலக்கும் முறை உலகெங்கும் கவனத்தை ஈர்த்துள்ளது. ‘புரோபயாடிக்’ என வழங்கப்படும் இம்முறையின் அடிப்படை, பயன், வரம்பு ஆகியவற்றை ஆராய்வது தேவையாகும்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சு

இச்சிக்கலின் வேர், குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும் முதல் நாளிலேயே உள்ளது. அப்போது குஞ்சின் குடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. கிராமத்து வீட்டில் அடைகாத்துப் பொரிக்கும் தாய்க்கோழி தன் குஞ்சுகளுக்கு வெப்பத்தையும் காவலையும் மட்டும் அளிப்பதில்லை. அதன் இறகு, எச்சம், அது கிளறிய மண் ஆகியவற்றின் வழியாக, வளர்ந்த கோழியின் குடலில் வாழும் பல்வகை நுண்ணுயிர்கள் குஞ்சின் உடலுக்குள் செல்கின்றன. நோயற்ற தாயிடமிருந்து வரும் இந்நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களில் குடலில் குடியேறிப் பெருகுகின்றன.

குஞ்சு பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சோ தாயைக் காண்பதே இல்லை. முட்டைகள் தூய்மை செய்யப்பட்டு, பொறியில் 21 நாட்கள் வைக்கப்படுகின்றன. குஞ்சுகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பண்ணைக்குச் செல்கின்றன. தூய்மை நல்லதே. ஆனால் தாயிடமிருந்து பெற வேண்டிய நுண்ணுயிர்களும் அதனால் தடைபடுகின்றன. குடலில் இடம் காலியாக இருக்கிறது. முதலில் வந்து சேரும் நுண்ணுயிர் எதுவோ அதுவே குடியேறுகிறது. வளர்ந்த கோழியைத் தாக்குவதற்குச் சால்மோனெல்லா நுண்ணுயிர்கள் பெருமளவில் தேவைப்படும். முதல் நாள் குஞ்சைப் பற்றிக்கொள்ள அவற்றுள் ஒரு சிலவே போதும். கூளம், நீர், தீவனம், எலி, ஈ, பணியாளரின் காலணி ஆகிய எவற்றின் வழியாகவும் அவை வந்து சேரலாம்.

தீய நுண்ணுயிர்கள்

கோழியின் குடல் நுண்ணுயிர்களுள் கேடு விளைவிப்பவை சிலவற்றைக் குறிப்பிடலாம். சால்மோனெல்லாவின் சில வகைகள் கோழிகளிடையே டைபாய்டு, வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய்களை உண்டாக்கிச் சாவை விளைவிக்கின்றன. வேறு சில வகைகள் கோழிக்கு வெளிப்படையான தீங்கு செய்யாமல் அதன் குடலில் தங்கி, இறைச்சி, முட்டை ஆகியவற்றின் வழியாக மனிதரை அடைந்து வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குகின்றன. கேம்பிலோபேக்டர் என்னும் நுண்ணுயிரும் இவ்வாறே கோழியிடம் அமைதியாக இருந்து மனிதரிடம் நோயாக வெளிப்படுவது. ஈ.கோலை நுண்ணுயிரின் சில வகைகள் குஞ்சுகளின் தொப்புளையும் காற்றுப்பைகளையும் தாக்குகின்றன. கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்பது குடற்சுவரை அழுகச் செய்யும் நோயை உண்டாக்குகிறது. இரத்தக் கழிச்சல் நோயால் குடற்சுவர் புண்பட்டிருக்கும்போது இந்நோய் எளிதில் தொற்றுகிறது.

நோய் வெளிப்படாத நிலையிலும் பண்ணையாளருக்கு இழப்பு உண்டு. குடற்சுவர் தடித்து வீங்குமானால் தீவனத்திலுள்ள சத்து உறிஞ்சப்படுவது குறைகிறது. கோழி வளர்ப்புச் செலவில் தீவனத்தின் பங்கு மூன்றில் இரண்டு பகுதியாகும். எனவே குடலின் நலம் குன்றினால் பண்ணையின் வருவாயும் குன்றும்.

எதிர் உயிரி மருந்து தீவனத்தில் புகுந்த வரலாறு

எதிர் உயிரி மருந்து கோழித் தீவனத்தில் இடம்பெற்ற வரலாறு தற்செயலான ஒரு கண்டுபிடிப்பில் தொடங்குகிறது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆரியோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டு 1948இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர். அவ்வாய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியை அக்காலத்தில் நடத்தியவர் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். மனிதரின் கொடிய தொற்று நோய்களைத் தீர்ப்பதே அம்மருந்தின் நோக்கம். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் மறைந்தார்.

அதன் பின்னர், அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டாக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இரு அறிஞர்கள், அம்மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்கு உணவாக அளித்தனர். அதில் வைட்டமின் பி12 சத்து உண்டு என்பதே அவர்கள் கருத்து. ஆனால் குஞ்சுகள் அச்சத்தால் மட்டும் விளைந்திருக்க முடியாத அளவுக்கு விரைந்து வளர்ந்தன. கழிவில் எஞ்சியிருந்த சிறிதளவு மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1951இல் அமெரிக்க அரசு இம்மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதற்கு இசைவளித்தது. நோயுற்ற உயிருக்குச் சில நாட்கள் கொடுக்க வேண்டிய மருந்து, நோயற்ற கோழிக்கு நாள்தோறும் அளிக்கப்படும் வளர்ச்சியூக்கியாக மாறியது. உலகின் பல நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. நம் நாட்டுப் பண்ணைகளும் இதற்கு விலக்கல்ல.

கொடுத்த விலை

குறைந்த அளவில் நெடுநாள் கொடுக்கப்படும் மருந்து நுண்ணுயிர்களை முற்றிலும் அழிப்பதில்லை. மருந்தைத் தாங்கும் தன்மையுள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. அத்தன்மைக்குரிய மரபணுவை ஒரு நுண்ணுயிர் மற்றொன்றுக்கு வழங்கவும் இயலும். கோழிக் குடலில் தோன்றும் எதிர்ப்பு, எச்சம், நீர், இறைச்சி, பணியாளரின் கை ஆகியவற்றின் வழியாக மனிதரை அடைகிறது. மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு மருந்து பயன்படாமற்போவதற்கான காரணம், தொலைவிலுள்ள ஒரு பண்ணையில் தோன்றியதாகவும் இருக்கலாம்.

இது வெறும் அச்சமன்று. பஞ்சாப் மாநிலத்தில் 18 கோழிப் பண்ணைகளில் திரட்டிய ஈ.கோலை நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நுண்ணுயிர்கள் முட்டைக் கோழிகளைக் காட்டிலும் இறைச்சிக் கோழிகளிடம் மிகுதியாக இருந்தன என்பதை அது காட்டியது. தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாங்கிய 70 கோழி மாதிரிகளை அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் ஆராய்ந்தபோது அவற்றுள் 40 விழுக்காட்டில் மருந்தின் எச்சம் காணப்பட்டது.

இவ்வகையில் மிகவும் கவலைக்குரியது கொலிஸ்டின் என்னும் மருந்தின் நிலையாகும். பிற மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர்கள் இறுதியாக நாடும் மருந்து இது. இம்மருந்தை எதிர்க்கும் தன்மையை ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபணு சீனாவில் கண்டறியப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வெளியாயிற்று. இந்திய அரசு 2017இல் மருந்து எதிர்ப்புத் தன்மையைக் கட்டுப்படுத்துவதற்கான தேசியச் செயல் திட்டத்தை வகுத்தது. 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும், தீவனத்திலும் கொலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சிக்காக எதிர் உயிரி மருந்தைக் கொடுப்பதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

தடை மட்டும் போதுமா என்னும் வினா இங்கு எழுகிறது. மருந்தை விலக்கும்போது, அது இதுவரை ஆற்றிவந்த பணியை ஆற்றுவதற்கு வேறொன்று வேண்டும். இல்லையேல் நோய் பெருகி, நோய்க்கெனக் கொடுக்கும் மருந்தின் அளவே உயர்ந்துவிடும்.

பின்லாந்தின் படிப்பினை

இதற்கான வழியைக் காட்டியது பின்லாந்து நாடு. 1971இல் அந்நாட்டு இறைச்சிக் கோழிகளிடையே சால்மோனெல்லா இன்பேன்டிஸ் என்னும் வகை பெருமளவில் பரவியது. மாசுற்ற தீவனப் பொருளின் வழியாக அது பண்ணைகளில் புகுந்தது. எஸ்கோ நூர்மி என்னும் அறிஞர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். வளர்ந்த கோழிகள் தாங்கிக்கொள்ளும் இந்நுண்ணுயிரை இளங்குஞ்சுகள் மட்டும் தாங்காதது ஏன்? வளர்ந்த கோழியின் குடலில் நிறைந்துள்ள நுண்ணுயிர்க் கூட்டம் குஞ்சிடம் இல்லாமையே காரணம் என அவர் கருதினார்.

நோயற்ற வளர்ந்த கோழிகளின் குடலிலுள்ள பொருளை எடுத்து, ஒன்றிரண்டு நாள் வயதுடைய குஞ்சுகளுக்கு அவர் புகட்டினார். பின்னர் சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது அக்குஞ்சுகளுள் பெரும்பாலானவை தொற்றுக்கு ஆளாகவில்லை. புகட்டப்படாத குஞ்சுகளோ ஆளாயின. நூர்மியும் ரன்டாலாவும் இம்முடிவை 1973இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். நல்ல நுண்ணுயிர்கள் முதலில் இடம்பிடித்துத் தீயவற்றை விலக்கும் இக்கொள்கை ‘போட்டி விலக்கம்’ எனப் பெயர் பெற்றது. 1987 முதல் பின்லாந்தில் இதற்கென ஒரு தயாரிப்பு வணிக முறையில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 29 வகை நுண்ணுயிர்கள் அடங்கிய ஒரு கலவைக்கு 1998இல் அரசின் இசைவு கிடைத்தது.

நூர்மியின் முறை புதியது. ஆயின் அதன் அடிப்படைக் கருத்து பழையது. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிக்காப், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலின் அழுகலைத் தடுத்து உடல்நலம் பேணும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கூறினார். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் புரோபயாடிக் என்பதற்கு ஒரு வரையறை அளித்தன. போதிய அளவில் கொடுக்கப்படும்போது, ஏற்கும் உயிருக்கு உடல்நலப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்பது அதன் சாரம். இவ்வரையறையில் ‘போதிய அளவு’, ‘உயிருள்ள’ என்னும் இரு சொற்களும் பண்ணையில் நினைவிற் கொள்ள வேண்டியவை.

செயற்படும் விதம்

நல்ல நுண்ணுயிர்கள் தீயவற்றைப் பல வழிகளில் விலக்குகின்றன.

முதலாவது, இடப் போட்டி. நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களுள் பல, குடற்சுவரில் ஒட்டிக்கொண்டாலன்றித் தீங்கு செய்ய இயலாது. ஒட்டுவதற்குரிய இடங்களை நல்ல நுண்ணுயிர்கள் முன்னரே பிடித்துக்கொண்டால் தீயவை எச்சத்துடன் வெளியேறிவிடும்.

இரண்டாவது, உணவுப் போட்டி. இருக்கும் சத்தை நல்லவை உண்டுவிடுவதால் மற்றவை பெருக வழியில்லை.

மூன்றாவது, அமிலம். கோழியின் தீனிப்பையில் வாழும் லாக்டோபேசில்லஸ் இனங்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அங்கு புளிப்புத்தன்மையைப் பேணுகின்றன. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்திலுள்ள இரண்டு முட்டுக் குடற்பைகளில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அசெடிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. சால்மோனெல்லா பெரும்பாலும் இப்பைகளிலேயே தங்குவதால் அவ்வமிலங்கள் அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் செல்களுக்கு உணவாகவும் பயன்படுகிறது.

நான்காவது, எதிர்ப்புப் பொருள். சில நுண்ணுயிர்கள் பிறவற்றை அழிக்கும் புரதப் பொருள்களைச் சுரக்கின்றன.

ஐந்தாவது, நோய்த் தடுப்பாற்றல். நல்ல நுண்ணுயிர்களின் தொடர்பால் குஞ்சின் உடல் தன் தடுப்பாற்றலை விரைவில் வளர்த்துக்கொள்கிறது.

எதிர் உயிரி மருந்து பகைவனைக் கொல்ல முயல்கிறது. கொல்லப்படாது எஞ்சிய பகைவன் வலுப்பெறுகிறான். புரோபயாடிக் பகைவனுக்கு இடமளிப்பதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

பயன்படும் நுண்ணுயிர்கள்

லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், என்டரோகாக்கஸ் ஆகிய லாக்டிக் அமில வகைகளும், பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிபார்மிஸ் போன்ற வித்து உண்டாக்கும் வகைகளும், சாக்கரோமைசஸ் என்னும் ஈஸ்ட்டும் கோழிகளுக்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஒரு நுண்ணுயிரைத் தேர்ந்தெடுக்கச் சில தகுதிகள் வேண்டும். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியசு. அவ்வெப்பத்தில் அது வளர வேண்டும். அரவைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்க வேண்டும். குடற்சுவரில் ஒட்ட வேண்டும். மருந்து எதிர்ப்பு மரபணுவைப் பிறவற்றுக்கு வழங்குவதாகவோ நச்சு சுரப்பதாகவோ இருத்தல் கூடாது.

கடைசித் தகுதி மிகவும் முக்கியமானது. என்டரோகாக்கஸ் இனத்தின் சில வகைகள் வான்கோமைசின் போன்ற உயர்ந்த மருந்துகளுக்கும் கட்டுப்படாதவை. தேர்வில் கவனம் தவறினால், விலக்க முயலும் கேட்டையே பண்ணைக்குள் கொண்டுவந்ததாக முடியும்.

வித்து உண்டாக்கும் பேசில்லஸ் வகைகளுக்கு நம் நாட்டில் தனிச் சிறப்பு உண்டு. தீவனத்தைக் குருணைகளாக அழுத்தும்போது வெப்பம் 80 டிகிரி வரை உயர்கிறது. லாக்டிக் அமில வகைகள் அதில் மடிந்துபோகலாம், வித்துகள் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரிக்கு மேல் உயரும் ஐதராபாத் கோடையில், குளிர்பதன வசதியற்ற கிடங்கிலும் அவை கெடுவதில்லை.

வீடுகளில் குஞ்சுகளுக்கு மோர் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மோரால் சிறிது அமிலமும் நீரும் கிடைப்பது உண்மை. ஆயினும் தயிரை உறையச் செய்யும் நுண்ணுயிர்கள் பாலில் பெருகப் பழகியவை. கோழிக் குடலில் நிலைத்துத் தங்கும் என்று கொள்வதற்கில்லை. கோழியின் குடலிலிருந்தே பெறப்பட்ட வகைகள் பொதுவாக அதற்கு ஏற்றவை.

பண்ணையில் கையாளும் முறை

புரோபயாடிக் பயன்படுத்துவதில் காலமே தலையாயது. தீய நுண்ணுயிர் குடியேறிய பின் கொடுப்பதால் பயன் சிறிதே. எனவே குஞ்சு பொரிப்பகத்திலேயே குஞ்சுகள் மீது தெளிப்பதோ, பண்ணைக்கு வந்தவுடன் முதல் குடிநீரில் கலப்பதோ சிறந்த முறையாகும். தெளிக்கப்பட்ட துளிகளைக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று கொத்தி உட்கொள்கின்றன. அதன்பின் தீவனத்தின் வழியாகத் தொடரலாம். பொதுவாக ஒரு கிராம் தீவனத்தில் 10 லட்சம் முதல் 100 கோடி வரை உயிருள்ள நுண்ணுயிர்கள் அமையுமாறு கலக்கப்படுகிறது.

குடிநீரில் குளோரின் கலந்திருந்தால் அது நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். தடுப்பு மருந்தை நீரில் கொடுக்கும்போது செய்வதுபோலவே, குளோரின் இல்லாத நீரைப் பயன்படுத்துவதோ, கொழுப்பு நீக்கிய பால்பொடியைச் சிறிது கலந்து அதன் வீரியத்தைத் தணிப்பதோ தேவை. எதிர் உயிரி மருந்து கொடுக்கும் நாட்களில் உடன் கொடுத்தால் பொதுவாகப் பயனில்லை. மருந்து முடிந்தபின் கொடுத்தால், வெறுமையான குடலை நல்லவற்றால் மீண்டும் நிரப்ப உதவும். தடுப்பூசி, இடமாற்றம், கடுங்கோடை ஆகிய நெருக்கடிக் காலங்களில் குடற்சுவர் தளர்வதால் அப்போதும் இது பயன் தரும்.

பொருளாதார நோக்கில் ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 5,000 இறைச்சிக் கோழிகளை இரண்டு கிலோ எடை வரை வளர்க்கும் பண்ணையில் மொத்த எடை 10,000 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.70 கிலோ தீவனம் வேண்டுமெனில் 17,000 கிலோ தேவை. குடலின் நலம் சிறந்து அது 1.65ஆகக் குறையுமானால் 500 கிலோ தீவனம் மிச்சமாகும். புரோபயாடிக்குக்கு ஆகும் செலவு இம்மிச்சத்தைக் காட்டிலும் குறைவாக இருந்தால் மட்டுமே பண்ணையாளர் அதை ஏற்பார். முட்டைக் கோழிகளைப் பொறுத்தவரை மற்றொரு நன்மையும் உண்டு. மருந்து கொடுத்தால், அதன் எச்சம் நீங்கும் வரை முட்டையை விற்கலாகாது. புரோபயாடிக்கில் இத்தகைய காத்திருப்பு இல்லை.

வரம்புகள்

இம்முறையின் பயனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. ஆய்வு முடிவுகள் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரு வகையின் பயன் அவ்வகைக்கே உரியது; அதே இனத்தின் மற்றொரு வகை அப்பயனைத் தராமல் போகலாம். தூய்மை மிகுந்த ஆய்வுப் பண்ணையில் வேறுபாடே தெரியாமல் இருப்பதும் உண்டு. நோயுற்ற கோழிக்கு இது மருந்தாகாது. கொடிய நோய் வந்தபின் கால்நடை மருத்துவரின் அறிவுரையின்படி உரிய மருந்தைக் கொடுப்பதே முறை.

தூய்மைக்கும் இது மாற்றன்று. ஈரமான ஆழ்கூளம், காற்றோட்டமற்ற கொட்டகை, எலி நடமாட்டம், இரத்தக் கழிச்சலைக் கவனியாமை ஆகிய குறைகளை எந்த நுண்ணுயிரும் ஈடுசெய்யாது. பின்லாந்து வெற்றி பெற்றதற்குப் போட்டி விலக்கம் மட்டும் காரணமன்று. தாய்க்கோழிகளைச் சோதித்தல், தீவனத்தைத் தூய்மையாக்குதல், ஒரு தொகுதி முழுவதும் வெளியேறியபின் கொட்டகையைத் தூய்மை செய்து அடுத்த தொகுதியைக் கொணர்தல் ஆகியவையும் இணைந்தே பயனளித்தன. டென்மார்க் நாட்டில் 1998இல் இறைச்சிக் கோழி வளர்ப்போர் வளர்ச்சியூக்கி மருந்துகளைக் கைவிட்டபோது, தீவனப் பயனில் ஏற்பட்ட குறைவு மிகச் சிறிதே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நல்ல பராமரிப்பு உள்ள இடத்தில் மருந்து செய்துவந்த பணி எவ்வளவு குறைவு என்பதை அது உணர்த்தியது.

ஐதராபாத்தின் பங்கும் செய்ய வேண்டியவையும்

இத்துறையில் ஐதராபாத்தின் நிறுவனங்கள் ஆற்றக்கூடிய பணி பெரிது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோழியின ஆராய்ச்சித் திட்ட இயக்ககம் 1988 மார்ச் 1 அன்று ராஜேந்திரநகரில் தொடங்கப்பட்டு, 2013இல் கோழியின ஆராய்ச்சி இயக்ககமாக உயர்ந்தது. புறக்கடை வளர்ப்புக்கு ஏற்ற வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இனங்களை உருவாக்கியது இந்நிறுவனமே. இக்குஞ்சுகளும் பொறியில் பிறந்தவையே. கிராம வீடுகளுக்கு வழங்கப்படுமுன் சில வாரங்கள் தனியே பேணி வளர்க்கப்படும் பருவம் இவற்றுக்கு உண்டு. தாய்க்கோழி அளித்திருக்க வேண்டிய நுண்ணுயிர்களை அளிப்பதற்கு அப்பருவத்தின் முதல் நாளே ஏற்ற வேளையாகும்.

1958இல் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம், 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. செங்கிசெர்லாவில் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனமும், கச்சிபௌலியில் தேசிய விலங்கு உயிர்த் தொழில்நுட்ப நிறுவனமும், ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் உள்ளன. பண்ணை, இறைச்சிக்கூடம், உண்போரின் உடல் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே ஆய்வுத் தொடராக இணைக்கும் வாய்ப்பு இந்நகருக்கு இயல்பாகவே அமைந்துள்ளது.

ஆட்சித்துறையினர் கருத வேண்டிய செய்திகள் நான்கு. முதலாவது, தரக் கட்டுப்பாடு. விற்பனைக்கு வரும் புரோபயாடிக்கின் உறையில் நுண்ணுயிரின் இனம், வகை, காலக்கெடு முடியும் நாளில் எஞ்சியிருக்க வேண்டிய உயிருள்ள எண்ணிக்கை, சேமிக்கும் வெப்பநிலை ஆகியவை குறிக்கப்பட வேண்டும். அவை உண்மைதானா எனச் சோதிக்கவும் வேண்டும். இறந்த நுண்ணுயிரை விலை கொடுத்து வாங்கும் உழவர் இம்முறையையே வெறுத்துவிடுவார்.

இரண்டாவது, ஒப்பந்த முறை. இன்று இறைச்சிக் கோழிகளுள் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் வளர்க்கப்படுகின்றன. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் அளிக்கிறது. கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. தீவனத்தில் என்ன கலந்துள்ளது என்பதை உழவர் அறியாமலே இருக்கக்கூடும். தீவன மூட்டையில் மருந்துகளின் பெயரும் அளவும் அவருடைய மொழியில் அச்சிடப்பட வேண்டும்.

மூன்றாவது, குஞ்சு பொரிப்பகம். முதல் நாளில் செய்ய வேண்டிய செயலை உழவரின் கொட்டகைக்கு விட்டுவைப்பது காலங்கடத்துவதாகும். சில பொரிப்பகங்களிலிருந்து பல நூறு பண்ணைகளுக்குக் குஞ்சுகள் செல்வதால், அங்கு செய்யும் சிறு மாற்றமும் பரந்த பயன் தரும்.

நான்காவது, பயிற்சி. கால்நடை உதவி மருத்துவர்களும் விரிவாக்கப் பணியாளர்களும் உழவரிடம் முதலில் கூற வேண்டியது கூளம், நீர், காற்று ஆகியவற்றைப் பற்றி. அடுத்துக் கூற வேண்டியதே நுண்ணுயிர்களைப் பற்றி.

பொறியில் குஞ்சு பொரிக்கும் தொழில்நுட்பம் நாட்டு மக்களுக்கு மலிவான புரதத்தை அளித்தது. அதைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புதல் இயலாது, தேவையும் இல்லை. ஆனால் அத்தொழில்நுட்பம் தாய்க்கோழியிடமிருந்து குஞ்சைப் பிரித்தபோது, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கொடையையும் பிரித்துவிட்டது. அக்கொடையை அறிவியல் முறையில் முதல் நாளிலேயே திருப்பி அளிப்பதே புரோபயாடிக் முறையின் நோக்கம். அதில் வெற்றி பெறும் அளவுக்கு, மனிதரின் உயிர்காக்கும் மருந்துகள் மனிதருக்கெனவே எஞ்சி நிற்கும்.